ஓடுகளின் வழியே ஒரு வரலாறு: யாழ்ப்பாணத்தில் தொல்லியல் கல்வி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் தொல்லியல் பல்கலைக்கழகக் கல்வியாக வேரூன்றத் தொடங்கியது 1974 ஆம் ஆண்டுக்குப் பின்னர். அந்த ஆண்டு ஒக்டோபரில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திருநெல்வேலியில் திறக்கப்பட்டது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியே அதன் முதல் இருப்பிடம். பேராசிரியர் க. கைலாசபதி வளாகத்தின் முதல் தலைவரானார். 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. தொல்லியல் அங்கே வரலாற்றுத் துறையின் அரவணைப்பில் வளர்ந்தது. கல்வெட்டு, நாணயம், அகழ்வாய்வு ஆகியவற்றைப் படித்த மாணவர் பலரும் வரலாற்று மாணவராகவே வந்து சேர்ந்தவர்கள். ஏடுகளையும் கல்வெட்டுகளையும் வாசித்துப் பழகிய அவர்களிடம் அந்த மண் முற்றிலும் வேறுவகைச் சான்றை நீட்டியது.

குடாநாட்டின் நிலம் தொல்லியலாளருக்கு இலகுவானதன்று. அனுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் போலக் காடு மூடிக் காத்த நகரங்கள் இங்கே இல்லை. அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கல்வெட்டுப் பொறிப்பதற்கேற்ற கருங்கற் பாறை கிடையாது. ஆறென்று சொல்ல மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு ஒன்றுதான். பழைய கட்டடங்கள் சுண்ணக்கல்லாலும் முருகைக்கல்லாலும் எழுந்தவை. அவை இடிந்தபோது அந்தக் கற்களை அடுத்த தலைமுறை எடுத்துக்கொண்டது. 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் கோயில்களை இடித்தனர். எஞ்சிய இடங்களிலும் ஒவ்வொரு துண்டு காணியும் கிணறு, தோட்டம், வீட்டு அத்திவாரம் என்று தலைமுறை தலைமுறையாகக் கொத்தப்பட்டது. செம்பாட்டு மண்ணில் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் மண்வெட்டி விழாத வருடமில்லை. பழைய குடியிருப்புகளுக்கு அடையாளமாக நின்றவை சிறு மேடுகள். ஊர்ப் பெயர்களில் வரும் ‘பிட்டி’, ‘திடல்’ என்ற ஈறுகள் சில இடங்களில் அவற்றையே சுட்டின. அந்த மேடுகளில் கிடைப்பது உடைந்த மட்பாண்ட ஓடு. யாழ்ப்பாணத் தொல்லியலின் பிரதான ஆவணமும் அதுவே.

பல்கலைக்கழகம் வருவதற்கு முன் இந்தத் தேடலை நடத்தியவர்கள் உத்தியோகத்தரும் துறவிகளும் ஆர்வலரும். யாழ்ப்பாணத்தில் மாவட்ட நீதிபதியாக இருந்த போல் ஈ. பீரிஸ், சுன்னாகத்தை அடுத்த கந்தரோடையில் கிடைத்த பழைய நாணயங்களையும் மணிகளையும் மைதீட்டும் செப்புக் கோல்களையும் திரட்டி, 1917 இலும் 1919 இலும் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் கட்டுரைகள் எழுதினார். அச்சுக்குத்திய நாணயங்களும் உரோம நாணயங்களும் அங்கே கிடைத்திருந்தன. குடாநாட்டின் தொன்மையை மண்ணிலிருந்து வந்த பொருளைக் கொண்டு பேசிய முதற் கட்டுரைகளுள் அவை முக்கியமானவை. முதலியார் செ. இராசநாயகம் 1926 இல் ஆங்கிலத்தில் பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய பெருநூலை வெளியிட்டார். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1928 இல் ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ எழுதினார். இருவரும் நாணயங்களையும் சாசனங்களையும் கவனித்தவர்கள்; என்றாலும் அவர்களுடைய விவாதத்தின் மையம் வையாபாடல், கைலாயமாலை, யாழ்ப்பாண வைபவமாலை போன்ற ஏடுகளில் இருந்தது. எந்த அரசன் எப்போது வந்தான் என்பதே கேள்வி. குடியானவன் எந்தச் சட்டியில் சமைத்தான் என்று கேட்க அன்றைக்கு எவருக்கும் காரணம் இருக்கவில்லை.

1936 இல் பருத்தித்துறைக்குத் தெற்கே வல்லிபுரத்தில் ஒரு பொன்னேடு கிடைத்தது. பேராசிரியர் செ. பரணவிதான அதை வாசித்து வெளியிட்டார். வசப மன்னனின் ஆட்சியில், அமைச்சன் இசிகிரி குடாநாட்டின் பழம்பெயரான நாகதீபத்தை நிருவகித்த காலத்தில், அங்கே ஒரு விகாரை கட்டப்பட்டதாக அவரது வாசிப்பு சொல்கிறது, காலம் கி.பி. 1 ஆம், 2 ஆம் நூற்றாண்டுகளின் எல்லை. வாசிப்பையும் மொழியையும் பற்றிப் பேராசிரியர் ஆ. வேலுப்பிள்ளை போன்றோர் பின்னர் மாற்றுக் கருத்துகளை முன்வைத்தனர். சில வரிகள் கொண்ட அந்தச் சிறு ஏட்டைச் சுற்றி எழுந்த விவாதம் யாழ்ப்பாணத் தொல்லியலின் பிற்காலத் தலையெழுத்தையும் ஓரளவு முன்னறிவித்தது. இங்கே கிடைக்கும் எந்தப் பொருளிடமும் முதலில் கேட்கப்படும் கேள்வி, அது யாருடையது என்பதாகவே இருந்து வந்திருக்கிறது.

கந்தரோடையில் தொல்லியல் திணைக்களம் 1960களில் சிறு தூபிகளின் எச்சங்களைத் துப்புரவாக்கி மீளமைத்தது. 1970 இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழக அருங்காட்சியகக் குழு அங்கே பரீட்சார்த்த அகழ்வு நடத்தியது. விமலா பெக்லியும் பெனற் புறொன்சனும் அதில் பணியாற்றினர். தூபிகளின் காலத்துக்கு முந்திய குடியிருப்பு மண்படைகளும், தென்னிந்தியப் பெருங்கற்கால இடங்களில் கிடைப்பது போன்ற கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்களும் அங்கே வெளிப்பட்டன. ஏறத்தாழ அதே காலத்தில் உள்ளூரிலும் ஒரு முயற்சி துளிர்த்தது. யாழ்ப்பாணத் தொல்லியற் கழகம் தமிழ்ச் சாசனங்களுக்கென்று ஒரு வெளியீட்டையும் ‘பூர்வகலா’ என்ற இதழையும் கொண்டுவந்தது. கா. இந்திரபாலாவும் வி. சிவசாமியும் அதில் உழைத்தவர்கள். பின்னர் பல்கலைக்கழகத்தில் தொல்லியலுக்கு ஆசிரியர்களாக அமைந்தவர்களும் அவர்களே.

இந்திரபாலா பேராதனையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்தவர். இளம் ஆய்வாளராக இருந்தபோதே, 1963 இல், நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனத்தை வெளியிட்டிருந்தார். ஊராத்துறை எனும் ஊர்காவற்றுறைக்கு வரும் பரதேசிகளுக்கு, அதாவது பிறநாட்டவருக்கு, பாதுகாப்பு உண்டு என்கிறது அச்சாசனம். யானை, குதிரை ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு வணிகச் சரக்காயின் பாதிக்குப் பாதி. சிங்கள மன்னன் ஒருவன் தமிழில் வெளியிட்ட இந்தத் துறைமுகச் சட்டம் 12 ஆம் நூற்றாண்டுத் தீவுப்பகுதியின் வாழ்வை ஒரே வீச்சில் காட்டுகிறது. 1965 இல் இலண்டனில் அவர் சமர்ப்பித்த கலாநிதிப்பட்ட ஆய்வேடு இலங்கையில் திராவிடக் குடியேற்றங்களையும் யாழ்ப்பாண இராச்சியத்தின் தொடக்கத்தையும் பற்றியது. பரவலான தமிழ்க் குடியேற்றத்துக்குச் சோழர் காலத்தை ஒட்டியே உறுதியான சான்று கிடைக்கிறது என்பது அதன் நிலைப்பாடு. அன்று கையிலிருந்த ஏடுகளும் சாசனங்களும் அந்த அளவுக்கே இடம் கொடுத்தன.

சான்றின் எல்லையை விரித்தது ஆனைக்கோட்டை. யாழ்ப்பாண நகருக்கு வடமேற்கே, கடனீரேரியை அண்டிய அந்த ஊரில் 1980 இல் நிலம் நிரப்புவதற்காக மேட்டு மண்ணை அள்ளியபோது, மண்ணோடு மட்பாண்ட ஓடுகளும் வெளியே வந்தன. பல்கலைக்கழகத்துக்குச் செய்தி எட்டியது. இந்திரபாலாவின் வழிகாட்டலில் பொ. இரகுபதியும் மாணவரும் அங்கே அகழ்வில் இறங்கினர். மனித எலும்புக்கூடுகளோடு கூடிய புதைகுழிகள் கிடைத்தன. உடலை நீட்டிக் கிடத்தி, பக்கத்தில் படையற் பாண்டங்களை வைத்திருந்தனர். பாண்டங்கள் பெருங்கற்காலத்துக்குரிய கறுப்பு-சிவப்பு வகை. ஓர் எலும்புக்கூட்டின் தலைமாட்டில் சிறிய உலோக முத்திரை ஒன்று இருந்தது.

ஒரு விரல்நுனியில் அடங்கிவிடக்கூடிய அந்த முத்திரையில் இரண்டு வரிகள் இருக்கின்றன. மேல்வரியில் மூன்று குறியீடுகள். பெருங்கற்காலப் பானைகளின் தோளில் கீறப்பட்டிருக்கும் குறிகளோடு ஒப்பிடத்தக்கவை. கீழ்வரியில் மூன்று பிராமி எழுத்துகள். ‘கோவேத’ என்றும் ‘கோவேந்த’ என்றும் அவை வாசிக்கப்பட்டன. கோ, வேந்து என்ற இரண்டும் தலைமையைக் குறிக்கும் சொற்களாகையால், புதைக்கப்பட்டவர் ஒரு குலத் தலைவராக இருக்கலாம் என்று கருதப்பட்டது. எழுத்தமைதி கொண்டு கி.மு. 3 ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலம் கணிக்கப்பட்டது. மேலே குறி, கீழே எழுத்து என்ற இந்த அடுக்கு தமிழ்நாட்டு அறிஞரையும் ஈர்த்தது. பானைக் கீறல்கள் வெறும் அடையாளமா, எழுத்தின் ஒரு வடிவமா என்ற பழைய விவாதத்தில் ஆனைக்கோட்டை முத்திரை இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. முத்திரையின் அருமை ஒருபுறமிருக்க, அது கிடைத்த விதம் கல்வி வரலாற்றில் அதிகம் கணக்கெடுக்க வேண்டியது. கந்தரோடைப் பொருள்கள் பல தோட்டங்களில் பொறுக்கப்பட்டவை. எந்தப் படையில், எதனோடு கிடந்தன என்ற விபரம் அவற்றுக்கு இல்லை. ஆனைக்கோட்டை முத்திரை எந்தக் குழியில், எந்த எலும்புக்கூட்டின் எந்தப் பக்கத்தில், எந்தப் பாண்டங்களோடு இருந்தது என்பது தெரியும். உள்ளூர் மாணவர் ஓர் அகழ்வுக் குழியில் நின்று, தம் கையால் பெற்ற சான்று அது.

அடுத்து நடந்த வேலைக்கு இத்தனை புகழ் கிடைக்கவில்லை. ஆனால் பயன் இன்னும் பெரிது. இரகுபதி குடாநாட்டையும் தீவுகளையும் கடனீரேரிக்குத் தெற்கேயுள்ள பூநகரியையும் மேலாய்வு செய்தார். மேலாய்வு என்பது தோண்டாமல், நடந்து, நிலத்தின் மேற்பரப்பில் கிடப்பதைப் பதிவுசெய்வது. மாரி மழை மேல்மண்ணைக் கழுவிய பின்னும், உழுத தறையில் மண் புரண்டிருக்கும் வேளையிலும் ஓடுகள் கண்ணிற் படும். கந்தரோடை, ஆனைக்கோட்டை, காரைநகர், வேலணைச் சாட்டி, வல்லிபுரம், பூநகரியின் மண்ணித்தலை என்று தனித்தனியே அறியப்பட்ட பெயர்கள் இந்த நடையால் ஒரே வரைபடத்தில் சேர்ந்தன. குடியிருப்புகள் கடலோரத்தையும் கடனீரேரியையும் நன்னீர் கிடைக்கும் மண்ணையும் ஒட்டி அமைந்த முறை புலப்பட்டது. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாக அமைந்த இந்த வேலை 1987 இல் சென்னையில் ஆங்கில நூலாக வந்தது. யாழ்ப்பாணத்தின் ஆதிக் குடியிருப்புகளைப் பற்றி எழுதும் எவரும் இன்றும் அதைத் திறக்காமல் தொடங்க முடியாது.

மேலாய்வின் பெறுமதி ஓட்டை வாசிக்கத் தெரிவதில் தங்கியிருக்கிறது. தொல்லியல் மாணவர் முதலில் கைப்பழக்கம் பெறுவதும் இதிலேயே. கறுப்பு-சிவப்புப் பாண்டத்தைச் சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டார்கள் என்பது பொதுவான விளக்கம். காற்றுப் படாத உட்புறமும் விளிம்பும் கறுத்துப்போக, காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்தது. ஓட்டின் இரு பக்கத்தையும் பார்த்தவுடனேயே மாணவர் அதைப் பிரித்தெடுத்துவிடுவர். ரௌலெட்டட் எனப்படும் மட்பாண்டம் இன்னொரு வகை. நன்கு அரித்த களிமண்ணில் மெல்லியதாக வனைந்த தட்டு; உட்புற அடியில் வட்டவட்டமாக நுண்ணிய புள்ளி வரிசைகள் இருக்கும். 1945 இல் மோட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் உரோம உறவுக்குச் சான்றாக எடுத்துக்காட்டிய அதே வகை கந்தரோடையிலும் கிடைத்தது. வங்கக் கடலோரம் முழுவதும் பரவியிருந்த ஒரு வணிக வட்டத்தில் குடாநாடும் இருந்தது என்பதற்கு அந்தப் புள்ளி வரிசை போதும்.

அகழ்வு நடக்கும்போது குழியில் மண்ணைச் சுரண்டுபவர் ஒருவர், அதை அரிதட்டில் அரிப்பவர் ஒருவர், பதிவேட்டில் எழுதுபவர் ஒருவர் என்று வேலை பிரியும். பொறுக்கிய ஓடுகளை நீரில் கழுவி நிழலில் உலர்த்துவார்கள். பிறகு ஒவ்வொரு ஓட்டிலும் இடத்தின் குறி, குழியின் எண், படையின் எண் ஆகியவற்றை மையால் எழுத வேண்டும். இந்த எழுத்தில் ஒரு பிழை நேர்ந்தால் அந்த ஓடு தோட்டத்தில் பொறுக்கிய ஓட்டுக்குச் சமமாகிவிடும். விளிம்புத் துண்டுகளை வட்டங்கள் வரைந்த தாளில் வைத்து, எந்த வளைவோடு பொருந்துகிறதென்று பார்த்து வாயின் விட்டத்தைக் கணிப்பார்கள். பிறகு குறுக்குவெட்டு வரைவார்கள். ஒரு வாரம் தோண்டியதை வகைப்படுத்தப் பல மாதம் வேண்டும். தொல்லியல் படிப்பின் பெரும்பகுதி இந்த நீண்ட, பொறுமையான மேசை வேலைதான். அதற்குரிய மதிப்பை வெளியுலகம் ஒருபோதும் கொடுத்ததில்லை.

யாழ்ப்பாண ஆய்வாளர் பலருக்கு மேற்படிப்பு இந்தியாவில் அமைந்தது. சி. க. சிற்றம்பலம் பூனாவில் இலங்கையின் பெருங்கற்காலப் பண்பாட்டை ஆராய்ந்தார்; ப. புஷ்பரட்ணம் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். இந்தப் பயிற்சி ஒப்பீட்டுக் கண்ணைத் தந்தது. தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரையும், கடலுக்கு இப்பால் புத்தளத்துக்கு வடக்கேயுள்ள பொம்பரிப்பின் தாழிப் புதைகுழிகளையும், ஆனைக்கோட்டையையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க அவர்களால் முடிந்தது. இரு கரையிலும் இரும்பும் நெல்லும் குளமும் கறுப்பு-சிவப்புப் பாண்டமும் ஒன்றாகவே தோன்றின. வெளியிலிருந்து ஓர் அரசன் படையோடு வந்து குடியேற்றினான் என்ற கதைக்குப் பதிலாக, நெடுங்காலம் கடலைக் குறுக்கறுத்துப் பழகிய மக்களின் படம் உருவாயிற்று. இந்திரபாலா 2005 இல் வெளியிட்ட நூலில் தமது 1965 ஆய்வேட்டின் முடிவுகள் காலங்கடந்தவை என்று தெளிவாக எழுதி, புதிய சான்றுகளின்படி வரலாற்றை மறுபடி அமைத்தார். தம் பெயரை நிலைநாட்டிய ஆய்வைத் தாமே திருத்த ஓர் அறிஞருக்குத் துணிவு வேண்டும். யாழ்ப்பாணத் தொல்லியல் அந்த விடயத்தில் பெருமைப்படலாம்.

ஆனைக்கோட்டை அகழ்வின் ஈரம் காயுமுன் 1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் பல ஓலைச்சுவடிகளும் அழிந்தன. மன்னார்க் கரையில் மாதோட்டத்தில் ஜோன் கார்ஸ்வெல் 1980 இல் தொடங்கிய பெரும் அகழ்வு 1984 இல் போரினால் நின்றது. அதன் முழு அறிக்கை வெளிவர 2013 வரை காத்திருக்க நேர்ந்தது. 1987 ஒக்டோபரில் திருநெல்வேலி வளாகமே போர்க்களமாயிற்று. 1990 முதல் 1995 வரை குடாநாட்டில் மின்சாரம் இல்லை. எரிபொருளும் மின்கலமும் சீமெந்தும் தடைசெய்யப்பட்ட பொருள்கள். பத்திரிகைகள் கோடுபோட்ட கொப்பித் தாளில் அச்சாகின. மாணவர் சைக்கிளில் வந்தார்கள், குப்பி விளக்கில் படித்தார்கள். அதே ஆண்டுகளில்தான் 1992 இல் சிற்றம்பலம் பதிப்பித்த ‘யாழ்ப்பாண இராச்சியம்’ என்ற தொகுப்பும், 1993 இல் அவருடைய ‘யாழ்ப்பாணம்: தொன்மை வரலாறு’ நூலும், அதே ஆண்டு புஷ்பரட்ணத்தின் ‘பூநகரி: தொல்பொருளாய்வு’ நூலும் வந்தன. கடனீரேரிக்குத் தெற்கே கண்டெடுத்த பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும், பெருங்கற்கால எச்சங்களும், மண்ணித்தலையின் பழைய சிவன் கோயிலும் இந்த நூலால் மாணவர் கைக்கு எட்டின. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி குடாநாட்டின் வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. பல்கலைக்கழகமும் அதில் தப்பவில்லை.

2009 இல் போர் முடிந்ததும் களங்கள் திறந்தன. இலங்கையில் 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி அனுமதியின்றி எவரும் அகழ முடியாது. ஆகவே பல்கலைக்கழகம் தொல்லியல் திணைக்களத்தோடும் மத்திய கலாசார நிதியத்தோடும் கூட்டாக வேலை செய்தது. கந்தரோடையில் 2011 அளவில் மீண்டும் அகழ்வு நடந்தது. யாழ்ப்பாணக் கோட்டையில் டேர்ஹாம் பல்கலைக்கழகத்தின் றொபின் கொனிங்ஹாம் குழுவும் உள்நாட்டு நிறுவனங்களும் இணைந்து நடத்திய அகழ்வில், போர்த்துக்கேயர் கட்டியதன் அடியில் அதற்குப் பல நூற்றாண்டு முந்திய துறைமுக வாழ்வின் தடயங்கள் கிடைத்தன. ரௌலெட்டட் ஓடுகளும் சீனப் பாண்டங்களும் அவற்றுள் அடங்கும். அல்லைப்பிட்டியில் 1977 இல் கார்ஸ்வெல் அடையாளங்கண்ட சொங் வம்சக் காலச் சீனப் பாண்டங்களைத் தேடி 2018 இல் ஷாங்காய் அருங்காட்சியகக் குழு வந்தது. பாண்டங்கள் 11 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியை ஒட்டியவை. நயினாதீவுச் சாசனம் பேசும் மரக்கலங்களுக்குச் சற்று முந்திய தலைமுறையின் சரக்கு.

களங்களோடு பிணக்குகளும் திரும்பின. கந்தரோடைத் தூபிகளைச் சிங்கள பௌத்தத்தின் எச்சமென்று ஒரு சாராரும், தமிழ் பௌத்தத்தின் சான்றென்று மறுசாராரும் உரிமை கொண்டாடினர். தமிழரிடையே பௌத்தம் வழங்கியது வரலாற்றில் ஐயமற்ற செய்தி. ஒரு தூபியைக் கொண்டு அதன் அருகே வாழ்ந்தவர்களின் மொழியை உறுதிசெய்ய முடியாதென்பதும் அதே அளவுக்குத் தெளிவு. தூபிகளின் கீழுள்ள படைகளோ எந்த மதமும் சொல்லாத சட்டியும் மணியும் இரும்பும் நிறைந்தவை. அவற்றைப் பொறுமையாகத் தோண்டி வெளியிட்டால் இந்தச் சச்சரவின் பெரும்பகுதிக்கு வேலை இருக்காது. கந்தரோடையின் பரந்த பரப்பில் இதுவரை தோண்டப்பட்டது சிறு பகுதிதான். மிகுதியின் மேல் வீடுகளும் தோட்டங்களும் நிற்கின்றன.

2024 இல் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் மீண்டும் அகழ்ந்தனர். 1980 இன் காலக்கணிப்பு பெரிதும் எழுத்தமைதியையும் மட்பாண்ட ஒப்பீட்டையும் சார்ந்தது. இன்றைய மாணவர் கரி, எலும்பு ஆகியவற்றின் மாதிரிகளை மாசுபடாமல் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பக் கற்கிறார்கள். மறு ஆண்டு இந்தத் தேர்ச்சி எதிர்பாராத இடத்தில் தேவைப்பட்டது. 2025 இல் செம்மணியை அடுத்த அரியாலைச் சிந்துப்பாத்தி மயானத்தில், கட்டட வேலைக்காக வெட்டிய நிலத்தில் மனித எச்சங்கள் தென்பட்டதையடுத்து, நீதிமன்றத்தின் மேற்பார்வையில் பேராசிரியர் ராஜ் சோமதேவ அகழ்வை நடத்தினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொல்லியல் மாணவரும் அங்கே பணியாற்றினர். இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளங்காணப்பட்டன. சிறுவரின் எச்சங்களும் ஒரு பாடசாலைப் புத்தகப்பையும் அவற்றோடு இருந்தன. குழியை அளந்து சதுரமாகப் பிரித்தல், தூரிகையால் மண்ணை அகற்றல், கிடந்த நிலையிலேயே வரைந்து படமெடுத்து எண்ணிடல் ஆகிய முறைகள் ஆனைக்கோட்டையில் கற்றவையே. இங்கே எண்ணிடப்பட்ட ஒவ்வொன்றும் அருங்காட்சியகத்துக்குப் போகாமல், யாழ்ப்பாண நீதவான் நீதிமன்றத்தின் வழக்குச் சான்றாகிறது.